ஏழாவது பீரியட்

பள்ளி திறந்த முதல் நாள் மாலை ஆறு பத்துக்கு மர்னி ஷ்ரேடர் வீட்டில் போன் அடித்தது. குளிர்பெட்டியிலிருந்து எடுத்த உணவுத் தட்டின் மேல் ஒட்டியிருந்த அலுமினியத் தாளை அவள் அப்போது பிரித்துக்கொண்டிருந்தாள். சாவு வீட்டுக்கென்று தேவாலயத்துப் பெண்கள் சமைத்துக் கொண்டுவந்து அடுக்கியது. மூன்று வாரமாகியும் பாதிகூடத் தீரவில்லை.

"இது ஹேஸல் க்ரீக் உயர்நிலைப் பள்ளி, வருகைப் பதிவு அலுவலகம்," என்றது பதிவு செய்து வைத்த ஒரு பெண்குரல். "உங்கள் மகன்..." சின்ன இடைவெளி. பிறகு எங்கிருந்தோ வெட்டி ஒட்டியதுபோல வேறொரு தொனியில், "கோல்பி." மறுபடி பழைய குரல். "இன்று முதல் பீரியடிலிருந்து ஏழாவது பீரியட் வரை வகுப்புக்கு வரவில்லை."

கோல்பி ஆகஸ்ட் பன்னிரண்டாம் தேதியே இறந்துவிட்டான். பதினேழு வயது. பேண்டு வாத்தியக் குழுவின் கோடைப் பயிற்சியில், மூன்றாவது வரிசையில் ட்ராம்போன் ஊதியபடி அணிவகுத்துப் போனவன், அடுத்த அடியை வைக்காமல் புல்லில் சரிந்தான். இதயத்தில் பிறவியிலேயே ஏதோ கோளாறு. யாருக்கும் தெரிந்திருக்கவில்லை. யார் விழுந்தாலும் நிற்கக் கூடாது, வாசித்துக்கொண்டே சுற்றிப் போக வேண்டும் என்பது பேண்டில் முதல் பாடம். பின்னால் வந்த பிள்ளைகள் அப்படியே அவனைச் சுற்றிக்கொண்டு போனார்கள். எட்டு தாளம் கழிந்த பிறகுதான் ஒரு பெண் வாத்தியத்தை வாயிலிருந்து எடுத்துவிட்டு அலறினாளாம்.

அலறியது அவன் தங்கை டெஸ்ஸா. பதினைந்து வயது. அதே பேண்டில் கிளாரினெட்.

"யாரும்மா போன்ல?" என்றாள் அவள் இப்போது.

"ஸ்கூல்லேருந்து. கோல்பி வரலையாம்."

டெஸ்ஸா முள்கரண்டியைக் கீழே வைத்தாள். "லிஸ்ட்ல பேர எடுக்க மறந்துட்டாங்க போல. நாளைக்கே போன் பண்ணி நிறுத்தச் சொல்லும்மா."

"சொல்றேன்."

சொல்லவில்லை.

கடையிலும் அலுவலகத்திலும் பார்த்தவர்கள் எல்லாரும் மர்னியிடம் வெயிலைப் பற்றியும் மழையைப் பற்றியுமே பேசினார்கள். கோல்பி என்ற பெயரை யாரும் வாய்விட்டுச் சொல்வதில்லை. நாளுக்கு ஒரு தடவை அந்த இயந்திரம்தான் சொன்னது. அவளுக்கு அழுகைகூட வரவில்லை. பல் பிடுங்க ஊசி போட்டதும் உதடு யாருடையதோபோல் ஆகிவிடுமே, அவளுக்கு உடம்பு முழுக்க அப்படி இருந்தது. ஆறு பத்துக்கு மட்டும் உள்ளே எங்கோ ஓரிடத்தில் லேசாகச் சுட்டது.

செப்டம்பர் கடைசியில் ஒருநாள் அந்தக் குரல் வேறு மாதிரி சொன்னது.

"முதல் பீரியடிலிருந்து ஆறாவது பீரியட் வரை வகுப்புக்கு வரவில்லை."

மர்னி போனைக் காதிலிருந்து எடுக்கவே இல்லை. ஏழாவது பீரியட் என்றால் பேண்டு வகுப்பு.

"அம்மா, உன்கிட்ட ஒண்ணு சொல்லணும்," என்றாள் டெஸ்ஸா. "இன்னைக்கு நான் கோல்பி எடத்துல நின்னேன்."

"பேண்டு மாஸ்டர் யோடர் நிக்கச் சொன்னாரா?"

"நாந்தான் கேட்டேன். மூணாவது வரிசையில அவன் எடத்த ஓட்டையா அப்படியே விட்டு வச்சிருக்காங்க. அதையே சுத்திச் சுத்தி நடக்க என்னால முடியலம்மா. அவன் ட்ராம்போனையே எடுத்துக்கிட்டேன்."

"உனக்கு அது ஊதத் தெரியாதே."

டெஸ்ஸா உதட்டைத் தொட்டுப் பார்த்துக்கொண்டாள். "தெரியுதும்மா. எப்படின்னுதான் தெரியல." பிறகு குரலை இறக்கி, "அந்த எடம் ரொம்பக் குளிருது," என்றாள்.

மர்னி தலையாட்டினாள். காதில் விழுந்தது மனசுக்குப் போகவில்லை. முதல் பீரியடிலிருந்து ஆறாவது வரை. அப்படியானால் ஏழாவதுக்கு?

நாலைந்து நாளில் "ஐந்தாவது பீரியட் வரை" என்றது குரல். பிறகு நான்காவது வரை. பிறகு மூன்றாவது. நாளின் கடைசியிலிருந்து ஒவ்வொரு பீரியடாக அவன் வந்துகொண்டிருந்தான். மர்னி பகலெல்லாம் மணியைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

டெஸ்ஸாவிடம் பேச்சு குறைந்தது. வீட்டுக்குள்ளும் தலையை மூடும் தொப்பி வைத்த சட்டையைக் கழற்றுவதில்லை. வெந்நீர் தீரும்வரை குளியலறையில் நின்றாள். ஒருநாள் மாலை சமையலறை வாசலில் வந்து நின்றாள்.

"அம்மா, நான் வீட்டுக்கு வந்துட்டேன்னு உனக்குத் தெரியுதா?"

"தெரியுதே."

"திரும்பிப் பாக்காமலே சொல்றியே."

மணி ஆறு எட்டு. "போன் வர்ற நேரம்டி. அப்புறம் பேசலாம்," என்றாள் மர்னி.

டெஸ்ஸா போன சத்தமே கேட்கவில்லை.

அக்டோபர் நடுவில் அந்தக் குரல், "முதல் பீரியடுக்கு மட்டும் வரவில்லை," என்றது. மறுநாள் மதியம் மர்னி காரை எடுத்துக்கொண்டு பள்ளிக்குப் போனாள். எதற்குப் போகிறோம் என்று அவளுக்கே தெளிவாக இல்லை.

வருகைப் பதிவு அறையில் திருமதி பீட்ரஸ் இருந்தாள். இருபது வருஷமாக அதே நாற்காலி.

"வா கண்ணு, வா. நானே உன்னக் கூப்பிடணும்னு இருந்தேன்."

"கோல்பி பேர்ல எனக்கு தினமும் போன் வருது."

பீட்ரஸின் கை விசைப்பலகையில் நின்றது. கணினித் திரையை மர்னி பக்கம் திருப்பினாள். "ஆகஸ்ட் பதினாலாம் தேதி. என் கையாலதான் அவன் பேர எடுத்தேன். எடுத்துட்டுப் போய் கக்கூஸ்ல நின்னு அழுதேன். இல்லாத பேருக்கு மெஷின் எப்படிக் கூப்பிடும்?"

மர்னி திரையில் அவன் பேரைத் தேடினாள்.

பீட்ரஸ் கதவைப் பார்த்துவிட்டுக் கிசுகிசுத்தாள். "நான் கூப்பிட இருந்தது டெஸ்ஸா விஷயமா. மூணு வாரமா டீச்சருங்க அவ வரலைன்னு போடறாங்க. மொதல்ல ஏழாவது பீரியட். அப்புறம் ஆறாவது, அஞ்சாவது. பக்கத்து சீட்டுப் பசங்க, இதோ இங்கதான இருக்காளேன்னு கத்துதுங்க. டீச்சருக்குக் கண்ணுல படலையாம். இன்னைக்குக் காலையில மொத பீரியடுக்கும் போட்டுட்டாங்க."

"டெஸ்ஸா பேர்ல ஒரு போன்கூட வரலையே."

"வந்திருக்கணுமே கண்ணு."

மர்னிக்கு விளங்கிவிட்டது. அவன் வந்த ஒவ்வொரு பீரியடிலும் இவள் இல்லாமல் போயிருக்கிறாள். ஓடவில்லை. நடந்துதான் போனாள், மைதானத்துக்கு.

ஏழாவது பீரியட் நடந்துகொண்டிருந்தது. சூடில்லாத வெளுத்த வெயில். வெட்டிய புல்லின் வாசனை. இரும்பு மேடை மேலிருந்து ஒலிபெருக்கியில் யோடர் கத்தினார். "டிரம்பெட் மகாராஜாக்களே! நடக்கச் சொன்னேன், உருளச் சொல்லல! மறுபடியும் மொதல்லேருந்து!" பிள்ளைகள் சிரித்துக்கொண்டே வரிசைக்குத் திரும்பினார்கள்.

மூன்றாவது வரிசையில் ட்ராம்போனோடு ஓர் உருவம். சட்டைத் தொப்பி கண்வரை இறங்கியிருந்தது.

வாத்தியங்கள் எழும்பின. நூறு வாத்தியத்துக்கு நடுவில் மர்னிக்கு அந்த ஊதல் தெரிந்தது. கோல்பி ஒவ்வொரு நீண்ட சுரத்தையும் கொஞ்சம் கீழே தொட்டு மேலே ஏற்றுவான். மூன்று வருஷம் யோடர் திட்டியும் அதை அவன் மாற்றிக்கொண்டதில்லை.

அந்த நிமிஷமே டெஸ்ஸாவைக் கூப்பிட்டிருக்க வேண்டும். அது அவளுக்குத் தெரியும்.

பாட்டு முடியட்டும் என்று வேலிக் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். இரண்டு மாதமாக மரத்துக் கிடந்த உடம்பில் முதல் தடவையாக விரல் நுனி கம்பியின் குளிரை உணர்ந்தது. கண்ணில் நீர் வந்தது. சுகமாக இருந்தது.

முடியப்போகும்போதுதான் சுதாரித்தாள். டெஸ்ஸா என்று கூப்பிடத்தான் வாயைத் திறந்தாள்.

"கோல்பி!"

பேண்டு நிற்கவில்லை.

மூன்றாவது வரிசையில் அந்த உருவம் மட்டும் நின்றது.

திரும்பியது.

பின்னால் வந்தவர்கள் வாசித்தபடியே அதைச் சுற்றிக்கொண்டு போனார்கள்.

பிள்ளை ட்ராம்போனைப் புல்லில் வைத்துவிட்டு வேலியை நோக்கி நடந்து வந்தது. மர்னி யோடருக்குக் கை காட்டினாள். கூட்டிக்கொண்டு போங்கள் என்று அவரும் கையசைத்தார்.

"வீட்டுக்குப் போலாமா?" என்றாள். பிள்ளை தலையாட்டியது. வழி நெடுக முகத்தை ஜன்னல் பக்கமே வைத்திருந்தது. வெளியே நல்ல குளிர். மர்னி பக்கத்துக் கண்ணாடி மூச்சில் பனித்துப்போனது. பிள்ளை பக்கத்துக் கண்ணாடி தெளிவாக இருந்தது. அவள் அதைப் பார்த்தாள். பார்த்துவிட்டுச் சாலையைப் பார்த்தாள்.

அன்று அவளே சமைத்தாள். சுட்ட இறைச்சி, மசித்த உருளைக்கிழங்கு. பிள்ளை சட்டைத் தொப்பியை எடுக்காமல், குனிந்த தலை நிமிராமல், இரண்டு தட்டு சாப்பிட்டது.

மணி ஆறு பத்து ஆனது. போன் அடிக்கவில்லை.

தீர்ந்தது என்று மூச்சு விட்டாள். இனி டெஸ்ஸா அந்த இடத்தில் நிற்க வேண்டாம், பேண்டே வேண்டாம், நாளைக்கே எழுதிக் கொடுத்துவிடலாம் என்று எண்ணிக்கொண்டாள்.

ஏழு மணிக்குப் போன் அடித்தது. இயந்திரம் இல்லை. பீட்ரஸ்.

"மர்னி, எங்க இருக்கே நீ? மைதானத்துப் படிக்கட்டுல டெஸ்ஸா தனியா உக்காந்திருக்கா கண்ணு. மீட்டிங் முடிஞ்சு கார எடுக்கப் போனப்பதான் பாத்தேன். கையத் தொட்டா பனிக்கட்டியா இருக்கு. அம்மா வந்தாங்க, என்னக் கூப்பிடாமப் போயிட்டாங்கன்னு சொன்னதையே சொல்லிக்கிட்டிருக்கா."

மர்னி மேஜையைப் பார்த்தாள்.

"கேக்குதா? இருட்டிட்டு வருது. வரியா?"

"இதோ வரேன்."

போனை வைத்தாள். கார் சாவியை எடுத்தாள்.

மேஜை மேல் தட்டு மெல்ல உரசி நகரும் சத்தம் கேட்டது. அவள் பக்கம்தான் நகர்ந்து வந்திருந்தது. காலியாக இருந்தது.

சாவியைக் கீழே வைத்துவிட்டு, கரண்டியை எடுத்து, இன்னும் கொஞ்சம் உருளைக்கிழங்கு வைத்தாள்.

அவன் சாப்பிட்டு முடிக்கட்டும் என்று எதிரில் உட்கார்ந்தாள்.