இல்லாத சத்தத்துக்கு ஒரு பொத்தான்

காரின் மூக்கு முழங்காலுக்கு ஒரு சாண் தூரத்தில் வந்து நின்றது. அதன் சூடு பட்டுத்தான் கோடி ரைன்ஹார்ட் திரும்பிப் பார்த்தான். பட்டாள முகாம் ஊரான கில்லீனில் மழை வானத்தைக் கவிழ்த்த மாதிரி கொட்டிக்கொண்டிருந்தது. கண்ணாடி இறங்கியது. உள்ளே ஒருத்தி. நனைந்த முடி, பெக்கான் கொட்டையின் பழுப்பு நிறத்தில் பெரிய கண்கள்... அந்தக் கண்களில் கொலைவெறி.

உதடு அசைந்தது. உதட்டைப் பார்த்தே பேச்சைப் பிடிப்பது அவனுக்குப் பதினாறு வருஷத்துப் பழக்கம்.

"நாலு தடவை ஹார்ன் அடிச்சிட்டேன்! காது செவிடா?"

"நல்லாவே கேக்கும் மேடம். நடந்து போறவனுக்கு வழி விடணும்னு உங்களுக்கு யாரும் சொல்லித் தரலையா?"

"கார் போற வழியில நின்னு மழையில குளிக்கிறவனுக்குப் பேரு நடந்து போறவனா?"

சிரிப்பு வந்தது. அடக்கிக்கொண்டு எதிரே இருந்த காது ஆஸ்பத்திரிக்குள் போனான்.

பத்து நிமிஷம் கழித்து, காது டெஸ்ட் எடுக்கிற அறையில், அதே கண்கள். வெள்ளைக் கோட்டில் பெயர் இருந்தது: மரிசோல் ட்ரெவினோ. அவள் அவனைப் பார்த்தாள். கையிலிருந்த காகிதத்தைப் பார்த்தாள். "ஐயோ... உங்களையா நான் செவிடான்னு..." என்று வாயைக் கையால் மூடிக்கொண்டாள். அதற்கு மேல் அவள் சொன்னது அவனுக்குத் தெரியவில்லை. தலையாட்டி வைத்தான். எதற்கும் தலையாட்டி வைப்பான்.

ராணுவம் கொடுத்த காதடைப்பானைச் செருகிக்கொண்டுதான் அவன் பீரங்கிக்குப் பக்கத்தில் நின்றான். காதுக்குள் போகிற அதன் தண்டு குட்டை. போட்டவனுக்கே தெரியாமல் தளர்ந்துபோகிற சாமான். செய்த கம்பெனிக்கு அது முன்பே தெரியும் என்று வக்கீல் சொன்னார். அவனைப் போல ஆயிரக்கணக்கான பேர் வழக்குப் போட்டிருந்தார்கள். வக்கீல் பேச்சை அவன் பாதிதான் நம்பினான். கம்பெனி பேச்சை முழுசாக நம்பித்தானே காது போனது! ஆனால் வெள்ளிக்கிழமைக்குள் டெஸ்ட் காகிதம் போகாவிட்டால் வழக்கிலிருந்து பெயரை அடித்துவிடுவார்கள். அதனால் வந்தான்.

சத்தம் புகாத, கண்ணாடி ஜன்னல் வைத்த பெட்டிக்குள் உட்கார வைத்து, காதில் ஹெட்ஃபோன் மாட்டி, கையில் ஒரு பொத்தானைக் கொடுத்தாள். "சத்தம் கேட்டா அமுக்குங்க. அவ்வளவுதான்."

அமுக்கினான். மறுபடி அமுக்கினான். ஜன்னலுக்கு அந்தப் பக்கம் அவள் முகம் மெல்ல மெல்ல மாறியது. கதவைத் திறந்துகொண்டு வந்தாள்.

"சார்ஜென்ட், கடைசி அஞ்சு தடவை நான் மெஷினையே போடலை."

கோடியின் காது மடல் சிவந்தது.

"சும்மா விரலை அசைச்சேன். நீங்க அமுக்கினீங்க. எப்படி?"

"விரலைப் பாக்கலை. சத்தம் விடும்போது உங்க இடது புருவம் லேசா ஏறுது. அதைத்தான் பாத்தேன்..."

இப்போது சிவந்தது அவள். "இருபது நிமிஷமா என் புருவத்தையா பாத்தீங்க?"

"பட்டாளத்துப் புத்தி மேடம். காது டெஸ்டுக்கு எட்டு பேரை ஒண்ணா உக்கார வைப்பாங்க. ஒருத்தன் தேறலைன்னா அவனைப் படையிலேருந்து கழட்டிருவாங்க, கூட்டாளிங்க அவன் இல்லாமப் போவாங்க. அதனால பக்கத்துக்காரன் அமுக்கினா நாங்களும் அமுக்குவோம். ஒருத்தனும் தோத்ததில்லை."

"இந்தக் காகிதம் போனா கம்பெனிக்காரன் கேக் வெட்டுவான். பத்தொன்பது வயசுப் பையன் காது மாதிரி வந்திருக்கு. இங்க தோத்தாத்தான் ஜெயிக்க முடியும், புரியுதா?"

"என் கையாலேயே நான் செவிடன்னு எழுதிக் கொடுக்கணும். அதானே?" எழுந்துவிட்டான். "வேண்டாம் மேடம். நான் ஒண்ணும் பிச்சைக்கு வரலை."

அவள் கதவை மறித்து நின்றாள். கண்ணில் கோபம் இல்லை. அது அவனுக்கு இன்னும் சங்கடமாக இருந்தது.

"எங்கப்பாவும் பீரங்கிப் படைதான். படிக்க வெளியூர் போறேன்னு சொன்னேன்... தலையாட்டினார். எந்த ஊருன்னு கேக்கலை. என் மேல பாசமே இல்லைன்னு பத்து வருஷம் அவரோட பேசாம இருந்தேன். அவருக்குக் கேக்கவே இல்லைன்னு அப்புறம்தான் தெரிஞ்சுது. நீங்க எத்தனை பேருக்குத் தலையாட்டியிருக்கீங்க சார்ஜென்ட்?"

அவளை விலக்கிக்கொண்டு மழையில் இறங்கிப் போனான். மூன்று நாளும் அதையே கணக்குப் பார்த்தான். அண்ணன் கல்யாணத்தில், அம்மாவின் கடைசிப் படுக்கையில்... எங்கெல்லாம் தலையாட்டினோம்? கடைசியாக அம்மா என்ன சொல்லிவிட்டுப் போனாள்? அந்தக் கேள்வி போகிற இடமெல்லாம் கூடவே வந்தது.

வெள்ளிக்கிழமை, ஆஸ்பத்திரி மூடுகிற நேரம். வாசலில் நின்றான்.

"நாற்காலியைச் சுவர்ப் பக்கம் திருப்பிப் போடுங்க மேடம். உங்களைப் பாத்துக்கிட்டிருந்தா நான் நேர்மையா இருக்க மாட்டேன்."

திருப்பிப் போட்டாள். கண்ணை மூடிக்கொண்டான். ஒரு சத்தம். அமுக்கினான். இன்னொன்று. அப்புறம்... ஒன்றுமில்லை. விரல் துடித்தது. அமுக்கு, அமுக்கு என்றது பழைய புத்தி. பல்லைக் கடித்துக்கொண்டு சும்மா இருந்தான். அவள் ஒவ்வொன்றாக அனுப்பிக்கொண்டிருக்கிறாள், ஒன்றுகூட வந்து சேரவில்லை. இவ்வளவு சத்தமா இந்த உலகத்தில் இருக்கிறது, நமக்குத் தெரியாமல்?

கதவு திறந்தபோது அவள் கண் ஈரம். காகிதத்தில் இரண்டு பேரும் கையெழுத்துப் போட்டார்கள். அது அப்போதே ஃபேக்ஸில் வக்கீலுக்குப் போய்ச் சேர்ந்தது.

"இதை மாட்டிப் பாருங்க. சும்மா, ஒரு தடவை." இரண்டு காதிலும் சிறிய கருவியைப் பொருத்தி, முடுக்கினாள்.

கோடி மூச்சு விட மறந்தான்.

கூரைத் தகரத்தில் மழை. ஒவ்வொரு துளியும் தனித்தனியாக! சுவர்க் கடிகாரம். அவள் கோட்டின் உரசல். அவன் தொண்டையில் அவனே எச்சில் விழுங்கும் ஓசை... தேவாலயத்துக்குள் நிற்கிறவன்போல் தொப்பியைக் கழற்றினான்.

"எப்படி இருக்கு?" என்றாள்.

அவள் குரல்! கனமான குரல் என்று அவனாகவே நினைத்து வைத்திருந்தான். மெல்லிசாக, ஓரத்தில் கொஞ்சம் கரகரப்போடு... பதினாறு வருஷம் இது போன்ற ஒன்று இல்லாமலா உயிரோடு இருந்தோம்?

"இன்னும் ஏதாவது பேசுங்க மேடம்."

"என்ன பேச?"

"கரண்டு பில் இருந்தாலும் படிங்க."

சிரித்தாள். அந்தச் சிரிப்பையும் வாய் பிளந்து கேட்டுக்கொண்டிருந்தான். வெட்கம் தாங்காமல் அவள் முதுகைக் காட்டித் திரும்பிக்கொண்டு, அலமாரியில் எதையோ அடுக்கினாள். அடுக்கிக்கொண்டே, யாருக்கும் கேட்காது என்பதுபோல் முணுமுணுத்தாள்.

"வேலை முடிஞ்சுது... இனிமே இந்த ஆளு எங்க வரப் போறாரு... மனசு என்னவோ பண்ணுது."

கோடி கையிலிருந்த தொப்பியை உருட்டினான்.

"கேக்கலை மேடம். இன்னொரு தடவை சொல்லுங்க."

வாழ்நாளில் யாரிடமும் அவன் அப்படிக் கேட்டதில்லை. அவள் சட்டென்று திரும்பினாள். முகமெல்லாம் சிவந்திருந்தது. "வந்து... நீங்க போறது எனக்குப் பிடிக்கலைன்னு சொன்னேன். மெஷின் சரியா வேலை செய்யலையா?"

"நல்லாத்தான் வேலை செய்யுது. முதல் தடவையே கேட்டுச்சு மரிசோல்," என்றான் கோடி. "ரெண்டாவது தடவையும் கேக்கணும் போல இருந்துச்சு... சாகற வரைக்கும் கேக்கணும் போல இருக்கு."