முசோரேயின் அரசத்தீ

அந்தி மயங்கும் வேளை. தெற்கு ஆப்பிரிக்கக் காடுகளைக் கிழித்துக்கொண்டு சாம்பேசி மாநதியை நாடிச் செல்லும் அந்தக் கிளையாறு அன்று செக்கச் சிவந்து ஓடியதற்கு மாலைச் சூரியன் மட்டும் காரணமல்ல, அன்பார்ந்த வாசகர்களே! பகலெல்லாம் நடந்த போரில் மாண்டவர்களின் உடல்களை அலைகள் இன்னும் கரையில் ஒதுக்கிக்கொண்டிருந்தன.

வென்றவன் முசோரே. சிதறிக் கிடந்த குலங்களை வெட்டியும் மிரட்டியும் ஒரே அரசாக்க வந்தவன். அவன் ஆணையால் நாடெங்கும் அடுப்புகள் அவிக்கப்பட்டிருந்தன. ஆற்றோரப் பாறைமீது மண்சட்டியில் எரிந்த அரசத்தீயிலிருந்தே ஒவ்வொரு குலமும் நெருப்புப் பெற்று அடிபணிய வேண்டும். அந்தத் தீ அவிந்தால் அரசும் அவிந்ததாகவே பொருள். மறுத்த தலைவன் ஒருவனின் தலை ஈட்டியில் ஏறியிருந்தது. அடுத்த தலை, கட்டுண்டு கிடந்த கிழத்தலைவர் நெமப்பாரேயுடையது.

அவர் மகள் செக்காயி, வீரன் வேடத்தில், நெருப்புப் பெறுவோர் வரிசையில் நின்றாள். இடையில் குறுவாள், நெஞ்சில் ஒரே எண்ணம்: முசோரே சாக வேண்டும், தந்தை பிழைக்க வேண்டும்.

முறை வந்தது. மண்டியிட்டுக் கைதட்டி வணங்கினாள். கெட்டது குடி! அந்நாட்டில் வணங்கும்போது ஆண்கள் விரலோடு விரல் சேர்த்துத் தட்டுவார்கள். பெண்கள் உள்ளங்கைகளைக் குழித்துக் குறுக்காகத் தட்டுவார்கள். பிறந்தது முதல் பழகிய கை, வேடத்தை மறந்துவிட்டது.

"பெண்!" என்று கூவிப் பாய்ந்த மெய்காவலனின் தொண்டையில் குறுவாள் இறங்கியது, வாளோடு அவன் சாய்ந்தான். வெறுங்கையளான செக்காயி அரசத்தீச் சட்டியைத் தூக்கி ஆற்றின்மேல் நீட்டினாள். உள்ளங்கைத் தோல் கருகியது.

"என் தந்தையின் கட்டை அவிழ்த்துவிடும், வேந்தே! இல்லையேல் உமது அரசு ஆற்றோடு போகும்."

"யார் நீ?"

"நெமப்பாரேயின் மகள்!"

முசோரே பல்லைக் கடித்தபடி தானே கயிற்றை அறுத்தான். ஆற்றோடு வளர்ந்த கிழவர் நீரில் குதித்தார்.

"கேட்டதைச் செய்துவிட்டேன், பெண்ணே. நெருப்பைக் கொடு."

"கொடுப்பதாக நான் எப்போது சொன்னேன்?"

சட்டி சீறிக்கொண்டு அமிழ்ந்தது, அவளும் பாய்ந்தாள். ஈட்டிகள் பறந்தன. ஒன்று அவள் தோளைக் கிழித்தது. ஆயினும் தந்தையும் மகளும் எதிர்க்கரை நாணலுக்குள் மறைவதை முசோரே கண்டான்.

அரசத்தீயைக் காத்துவந்த பூசாரி, புதுத் தீ கடையத் தீக்கடைகோலை எடுத்தார். முசோரே அதைப் பிடுங்கி முறித்தான். அவன் கண்களில் சினம் இருந்தது. சினத்தை மீறிய வியப்பும் இருந்தது.

"எல்லோரும் கேளுங்கள்! என் நாட்டின் முதல் நெருப்பை அவள் கையால்தான் வாங்குவேன். அரசியாக வந்து தந்தாலும் சரி, என் கழுத்தில் வாளை வைத்துத் தந்தாலும் சரி. அதுவரை இங்கே ஓர் அடுப்பும் எரியாது. நான் உண்பதும் பச்சை இறைச்சிதான்!"