உரியவர் இல்லாத பிம்பம்

இதில் வரும் ஒவ்வொரு சொல்லும் சத்தியம். டனீடன் துறைமுகச் சாலையில், பழைய கம்பளிக் கிடங்கின் வாசல் மேசையில் பத்தொன்பது வருஷம் உட்கார்ந்து, உள்ளே போகிறவர்கள் வெளியே வருகிறவர்கள் எல்லாரிடமும் கையெழுத்து வாங்கியவன் நான். என் இரண்டு முழங்கால் மீதும் ஆணை. அதில் ஒன்று உலோகம் என்பதால் ஆணை பாதியாகிவிடாது.

கிடங்கில் இப்போது கம்பளி இல்லை. தலையில் மாட்டிக்கொண்டு வேறு உலகம் பார்க்கும் மெய்நிகர் ஹெட்செட்டுகளைச் செய்கிறார்கள். அதன் கண்ணாடிகளுக்குள் வெளிச்சம் நேராகப் போவதில்லை. முட்டித் திரும்பி, மறுபடி முட்டிப் போகும். அதனால் பளிச்சென்ற எதைப் பார்த்தாலும் அதே உருவம் எதிர் மூலையில் மங்கலாக, தலைகீழாக இன்னொரு தரம் தெரியும். அதற்குப் பேய் என்று பெயர். நான் வைத்ததில்லை, படித்தவர்கள் வைத்தது.

அங்கே ஐல்சா என்ற பெண்ணின் வேலை அந்தப் பேய்களைக் கழிப்பது. கண்டவுடன் கழித்துவிட முடியாது. அட்டவணையில் இடப்பக்கம் உரியவரை எழுத வேண்டும்: விளக்கு, கோப்பை, எதுவானாலும். வலப்பக்கம் அதன் பேய். பிறகு நூறு வரை எண் போட்ட திருகைத் திருப்பினால், வலப்பக்கம் எழுதியது படத்திலிருந்து மெல்ல மெல்லக் கழிந்துபோகும். உரியவர் பெயர் இல்லாத வரியை மேலாளர் பெரில் வாங்கவே மாட்டாள்.

அந்த ஜூலை மாதச் செவ்வாய்க்கிழமை, மதியம் ஒன்றரை மணி. சன்னல் இல்லாத, சுவரெல்லாம் கறுப்புத் துணி அடித்த சோதனை அறையில் ஐல்சா அலமாரியிலிருந்து ஏழாம் எண் கருவியை எடுத்து மாட்டிக்கொண்டாள். மேசைமேல் ஒரு விளக்கு, ஒரு வெள்ளைக் கோப்பை, பாதி சீஸ் ரோலோடு ஒரு தட்டு. ஹெட்செட்டின் கேமராக்கள் வழியே மூன்றும் தெரிந்தன. எதிர் மூலைகளில் பேய்கள் தெரிந்தன.

எண்ணினாள். நான்கு.

"லாக்லன், இந்த ரூம்ல வேற ஏதாச்சும் வெளிச்சமா இருக்கா?"

பக்கத்து அறையில் வேலை செய்பவனிடமிருந்து மெல்லும் வாயோடு பதில் வந்தது. "உன் மூஞ்சியத் தவிர ஒண்ணுமில்ல மகாராணி. அதுவும் இன்னைக்கு டல்லுதான்."

"விளையாடாத. மூணு பொருள்தான் இருக்கு. நாலு பேய் தெரியுது."

"சும்மா பாத்துட்டுப் போக வந்திருக்கும். டீ குடுத்து அனுப்பு."

"நாளைக்குக் காலைல பெரில் கேப்பா. மூணு மணிக்கு நான் ஸ்கூல் வாசல்ல நிக்கணும்."

"அப்ப சீக்கிரம் அதோட அப்பா அம்மாவக் கண்டுபிடி."

போன வாரம் இரண்டு நாள் தாமதமாகிவிட்டது. இரண்டாம் நாள் மழையில், பூட்டிய கேட்டருகே நின்றிருந்த மகள் ஊனா, காரில் ஏறும்போது அழவில்லை. "இனிமே வரமாட்டியோன்னு நெனச்சேன்" என்று மட்டும் சொன்னாள். ஆறு வயசு. இன்று காலை அவள் கோட்டுக்குப் பொத்தான் போட்டுவிட்டு, "கண்டிப்பா வருவேன்" என்று ஐல்சா சொல்லியிருந்தாள்.

கோப்பையைத் துணியால் மூடினாள். ஒரு பேய் போயிற்று. தட்டை மேசைக்கு அடியில் தள்ளினாள். இன்னொன்று போயிற்று. விளக்கை அணைத்தாள். தகரக் கூரையில் தூறல் உரசும் சத்தமும், சுவருக்குள் ஊறிப்போன பழைய ஆட்டுக்கம்பளியின் எண்ணெய் நாற்றமும், கன்னத்தில் அழுத்திய பஞ்சில் தன் மூச்சே ஈரமாகத் திரும்பி வரும் சூடும் மட்டும் மிஞ்சின. மூன்றாவது பேயும் போய்விட்டது. நான்காவது போகவில்லை.

இருட்டில் இன்னும் தெளிவாகத் தெரிந்தது.

மேல் இடது மூலையில், கொக்கியில் மாட்டிய கோட்டைப் போல, தலைகீழாக ஒரு பெண் தொங்கினாள். தொங்கவில்லை, உட்கார்ந்திருந்தாள். நாற்காலியோடு. இரண்டு கைகளும் தலையின் இரு பக்கத்தையும் பிடித்திருந்தன. ஐல்சா தன் கைகளை இறக்கினாள். அவளும் இறக்கினாள்.

ஐல்சாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. உரியவர் கிடைத்துவிட்டார்! என் பேய்தான், நான்தான். சிரிப்பு அடங்கும்போதே இன்னொரு நினைப்பு எழுந்தது: கேமராக்கள் வெளிப்பக்கம் பார்ப்பவை, மாட்டியிருப்பவளின் முகத்தை அவை பார்க்க வழியே இல்லை. அந்த நினைப்பை அவள் முடிய விடவில்லை. படத்தின் ஓரத்துக் கடிகாரம் இரண்டு இருபது காட்டியது. பள்ளிக்குக் கிளம்ப இருபது நிமிடம் மிச்சமிருக்கிறது. அதற்குள் எழுதிக் கழித்துவிட வேண்டும்.

அட்டவணை கண்முன் மிதந்தது. எட்டு மாதமாகத் தலைகீழ் உருவங்களையே பார்த்துப் பார்த்து, அந்த அறையில் வேலை செய்கிற எல்லாருக்கும் ஒரு பழக்கம் படிந்திருந்தது. இடம் என்றால் கை தானாக வலத்துக்குப் போகும். காபிக் கடையில் சில்லறையைத் தவறான கையில் வாங்குவார்கள். லாக்லன் ஒருமுறை சட்டையை முன்பின்னாகப் போட்டுக்கொண்டு சாயங்காலம் வரை சுற்றினான். ஐல்சாவின் கையும் போயிற்று. மூலையில் இருந்தவளை இடப்பக்கமும் தன் பெயரை வலப்பக்கமும் எழுதினாள். திருகைத் தொட்டாள்.

பத்து.

விளக்கைப் போட்டாள். மேசைமேல் தன் கை தெரிந்தது. கையின் ஊடே, கீழே இருந்த மரத்தின் வரிகளும் தெரிந்தன.

முப்பது.

திருகை இப்போது அவள் தொடவில்லை. அது தானே திரும்பிக்கொண்டிருந்தது. மூலையில் இருந்தவளின் தோளில் துணி மடிப்பு வந்தது. காதில் தோடு வந்தது. ஐல்சா ஹெட்செட்டைக் கழற்றக் கையைத் தூக்கினாள். விரல்கள் வாரைத் தேடின. வார் இல்லை. காது இல்லை. தேடுகிற விரலும் இல்லை.

லாக்லன், என்றாள். சத்தம் இல்லை.

எழுபது.

அறை மெல்லச் சுழன்றது. விளக்கு கூரைக்குப் போயிற்று. மேசை தலைகீழாயிற்று. நாற்காலியில், நேராக, ஒருத்தி உட்கார்ந்திருந்தாள். அவள் ஹெட்செட்டைக் கழற்றினாள். முகத்தில் பஞ்சு பதிந்த சிவப்புக் கோடு. ஐல்சாவின் கோடு. ஐல்சாவின் மழைக்கோட்டை எடுத்து மாட்டிக்கொண்டாள். பையில் கார்ச் சாவி இருக்கிறதா என்று தட்டிப் பார்த்தாள். கடிகாரத்தைப் பார்த்தாள்.

"லாக்லன், நான் கெளம்புறேன். ஊனா காத்துட்டிருப்பா."

"பேயெல்லாம் போயிடுச்சா?"

"ஒண்ணு பாக்கி. மேல் இடது மூலைல. உரியவர் யாருமில்ல. தேடிப் பாத்துட்டேன். நீயே கழிச்சிடு."

"பெரில் கத்துவா."

"பெரில் பாக்கவா போறா?"

கதவு சாத்தும் சத்தம். படியில் காலடி. பிறகு நாற்காலி கிறீச்சிட்டது, ஹெட்செட் இன்னொரு தலையில் ஏறியது. இரண்டு வட்டக் கண்ணாடிகள் முழுக்க லாக்லனின் கண்கள் வந்து நின்றன. பெரியவை. ஈரமானவை. தலைகீழானவை.

"அட, வாயெல்லாம் தெறக்குதே! தத்ரூபமா இருக்கு."

ஊனா என்றாள் ஐல்சா. ஊனா. ஊனா.

லாக்லன் சிரித்துக்கொண்டே திருகைப் பிடித்தான். எண்பது. அவள் கால்கள் போயின. தொண்ணூறு. மடி போயிற்று. நூறு.

"விடாப்பிடியான பேயா இருக்கே. இன்னும் கொஞ்சம் மிச்சமிருக்கு."

மிச்சம் இருக்கத்தான் செய்யும். படம் முழுக்கக் கறுப்பானபின் அதற்கும் கீழே கழிக்க எதுவும் கிடையாது, அந்தக் கடைசித் துளியை எந்தத் திருகாலும் எடுக்க முடியாது. இதை மற்ற எல்லாருக்கும் சொல்லிக்கொடுத்தவளே ஐல்சாதான். லாக்லன் கைக்கடிகாரத்தைப் பார்த்தான், கொட்டாவி விட்டான், விளக்கை அணைத்தான், ஏழாம் எண்ணைத் தூக்கி அலமாரியின் மேல்தட்டில் வைத்துவிட்டு மிச்ச சீஸ் ரோலைத் தின்றுகொண்டே போனான். கறுப்பு. அதன் மேல் இடது மூலையில், தலைகீழாக, திறந்தபடி ஒரு வாய்.

மூன்றடிக்க இருபது நிமிடம் இருக்கும்போது ஐல்சா என் மேசைக்கு வந்து கையெழுத்துப் போட்டாள். எல்லாரும் புத்தகத்தைத் தங்கள் பக்கம் திருப்பித்தான் எழுதுவார்கள். அவள் திருப்பவில்லை. எதிரில் நின்றபடியே, எனக்கு நேராக இருக்கும்படி, ஒரு தடங்கலும் இல்லாமல் எழுதினாள். கண்ணாடிக் கதவு வழியே பார்த்தேன். காரைச் சரியான பக்கம்தான் ஓட்டிப் போனாள்.

ஏழாம் எண் என்பது தலையில் எவ்வளவு கனக்கும் என்று எடை பார்ப்பதற்காகச் செய்த வெறும் கூடு. அதில் திரையும் கிடையாது, கேமராவும் கிடையாது, உள்ளே இருக்கும் இரண்டு ஈயக்கட்டிகளை ஒட்டியவன் நான்தான்.