குடக்காரியின் தோள்

சூளையிலிருந்து எடுத்த குடக்காரி பொம்மையின் வலது தோளில் நான்கு சிறு குழிகள் இருந்தன. தலைக்குமேல் கையைத் தூக்கிக் குடத்தைப் பிடித்திருக்கும் சாண் உயரப் பொம்மை அது. ஆதிலட்சுமியே மண்ணைக் கரைத்து அச்சில் ஊற்றி, காயவைத்து, ஈரத்துணியால் துடைத்து வழவழப்பாக்கியிருந்தாள். பச்சை மண்ணில் பட்ட விரல்தடம் மண் வெந்த பிறகுதான் பல்லிளிக்கும். அதனால் அவள் முதலில் பயப்படவில்லை. தன் கை செய்த கோளாறு என்றே நினைத்தாள்.

அந்த வலது கை ஒரு வருஷமாகவே அவள் பேச்சைக் கேட்பதில்லை. பொம்மைப் பலகைகளை உயரத் தட்டில் ஏற்றி ஏற்றி, கழுத்தடியில் நரம்பும் ரத்தக்குழாயும் எலும்பிடுக்கில் நசுங்குகின்றன என்றார் பாண்டிச்சேரி டாக்டர். கையைத் தூக்கினால் நாடி நின்றுவிடும். விரல்கள் வெளுத்துச் சில்லிட்டுவிடும். அவளுக்கோ, பின்னால் நிற்கிற யாரோ தோளைப் பிடித்திருக்கிற மாதிரிதான் இருக்கும். டாக்டரிடம் சொன்னாள். பல பேர் அப்படித்தான் சொல்வார்கள் என்று அவர் சிரித்தார்.

வெளிச்சத்தில் பொம்மையைத் திருப்பிப் பார்த்தாள். முன்பக்கம் நான்கு குழி, முதுகுப்பக்கம் கட்டைவிரலுக்கு ஒன்று. பின்னாலிருந்து பிடித்த பிடி. ஆனால் ஒவ்வொரு குழியும் அரிசி நொய்யில் பாதி அளவுதான். எந்த மனுஷ விரலும் அதில் பொருந்தாது. பொம்மையின் அளவுக்கான கை அது.

எப்படி ஆபரேஷன் செய்வது என்று வெள்ளிக்கிழமைக்குள் அவள் டாக்டரிடம் முடிவு சொல்லியாக வேண்டும். அக்குள் வழியாகப் போய், நரம்பை நசுக்கும் விலா எலும்பை எடுக்கலாம். தழும்பு தெரியாது, ஆனால் நரம்புகள் முழுசாகத் தெரியாமலே எலும்பை வெட்ட வேண்டும். கழுத்தடியில் காறை எலும்புக்கு மேலே கீறினால் எல்லாம் கண்ணுக்குத் தெரியும், ஆனால் மூச்சுக்கான நரம்பும் அங்கேதான் ஓடுகிறது. சும்மா விட்டால் ரத்தம் உறைந்து விரல்கள் கறுக்கும். எதைக் கேட்டாலும் டாக்டர், உறுதி சொல்ல முடியாதம்மா என்றார். கை போனால் சோறு பிசைந்து சாப்பிடக்கூட வழியில்லை என்ற நினைப்பு அவளைத் தூங்கவிடவில்லை.

சேத்தியாத்தோப்பு பஸ்ஸில் கண்டக்டராக இருக்கும் கணவன் கோகுலகிருஷ்ணன் தினமும் அவள் கையைத் தூக்கிப் பிடித்து நாடி பார்ப்பான். அவனும் கைவிரித்துவிட்டான்.

"ஒங் கை ஆதி, நீதான் சொல்லணும். நான் ஒண்ணு சொல்லி ஏதாச்சும் ஆயிடிச்சின்னா?"

புது மெருகுப் பூச்சை உடைந்த சில்லில் தடவி, வேகவைத்துப் பார்த்துவிட்டுத்தான் சரக்கில் கை வைப்பது சூளை வழக்கம். தன் உடம்பில் கத்தி வைக்குமுன் பொம்மையில் பார்த்துவிடலாம் என்று ஆதிலட்சுமிக்குத் தோன்றியது. இன்னும் வேகாத மூன்று பச்சைக் குடக்காரிகளை எடுத்தாள். ஒன்றுக்கு அக்குளில் பிளேடால் மெல்லக் கீறினாள். ஒன்றுக்குக் காறை எலும்புக்கு மேலே. மூன்றாவதைத் தொடவில்லை. மெருகு பூசி, மற்ற சரக்கோடு மூன்றையும் சூளைக்குள் வைத்தாள்.

சூளை ஆறிய அந்திப்பொழுதில் மழை பிடித்துக்கொண்டது. மற்றவர்கள் பஸ்ஸுக்கு ஓடிவிட்டார்கள். தகரக்கூரையில் இறங்கும் மழைச் சத்தத்துக்கு அடியில், ஆறுகிற மெருகு எங்கோ ஓரிடத்தில் டிக், டிக் என்று வெடித்துக்கொண்டிருக்க, நனைந்த மண்ணும் சூடான செங்கல்லும் கலந்த வாடைக்குள் அவள் குனிந்து கைவிட்டாள்.

அக்குளில் கீறியது. வலது தோள் சுத்தமாக இருந்தது. அவளுக்கு அழுகையே வந்துவிட்டது. திருப்பினாள். இடது தோளில் நான்கு குழி.

மேலே கீறியது. இரண்டு தோளும் சுத்தம். குழிகள் கழுத்தைச் சுற்றி இருந்தன. எட்டு.

தொடாத பொம்மை. தோள், கழுத்து, முதுகு. எங்கும் எதுவும் இல்லை. அப்படியானால் வெட்டவே வேண்டாம். மூச்சு திரும்பியது. பழக்க தோஷத்தில் நகத்தால் தட்டினாள். வெந்த பொம்மை மணிபோல் கணீரென்று ஒலிக்க வேண்டும்.

டொக்.

பொம்மையின் உள்ளே வெற்றிடம்தான் இருக்க வேண்டும். அடியில் ஒரு துளை. செல்போன் டார்ச்சை எரியவிட்டுப் பலகைமேல் நிறுத்தினாள். இடது கையால் பொம்மையைத் தூக்கி, வெளிச்சம் உள்ளே விழும்படி சாய்த்து, துளைக்குள் பார்த்தாள்.

அந்த நேரத்தில் வலது தோளில் பிடி விட்டது. ஒரு வருஷத்துக்குப் பிறகு. கைக்குள் ரத்தம் வெதுவெதுவென்று இறங்கியது. நெஞ்சுக்குள் மட்டும் ஏதோ சில்லென்று வந்து உட்கார்ந்தது.

அவளைக் கூட்டிப்போக வந்த கோகுலகிருஷ்ணன் மழை சொட்டச் சொட்ட அருகே வந்து, வழக்கம்போல் அவள் வலது கையைத் தூக்கிப் பிடித்தான்.

"ஆதி, கை சுடுது பாரு. தூக்கினாலும் நாடி ஓடுது."

அவள் துளையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. துளைக்குள், குடக்காரியின் நெஞ்சுக்கு உட்புறம், வெள்ளை மெருகேறிய ஐந்து விரல்கள். அவன் நாடியை வாய்விட்டு எண்ணிக்கொண்டிருந்தான். அவன் எண்ணுகிற கணக்குக்கே அவை மூடின.

திறந்தன.

மூடின.