உசுரோட படி ஏறணும்

மாரீஸ்வரி ப்ளக்கைப் பிடுங்கி மறுபடியும் சொருகினாள். விளக்கு எரியவில்லை. சீட்டுக்கு அடியில் கையை விட்டுத் துழாவி, சாக்கெட்டின் ஓட்டைகளை விரல் நுனியால் கண்டுபிடித்து, இன்னொரு தடவை அழுத்தினாள். காலடியில் கிடந்த ஆக்சிஜன் மெஷின் முனகக்கூட இல்லை. அவள் மடியில் மாமனாரின் தலை கனத்தது.

"ஏங்க, மெஷின் நின்னுருச்சு. மாமாவுக்குக் காத்து வரல."

"நான்தான் நிப்பாட்டுனேன்." ஸ்டியரிங்கைப் பிடித்திருந்த சிவபாண்டி திரும்பாமலே சொன்னான். "சார்ஜ் எம்புட்டு இருக்குன்னு பாரு. கிருஷ்ணன்கோவில்ல சார்ஜர் செத்துக் கெடக்கு. ராஜபாளையம் வரை இத வச்சுத்தான் ஓட்டணும்."

"அப்ப ஏசிய நிறுத்திட்டு இதப் போடுங்களேன்."

"ஏசி ஓடணும்."

முன்சீட்டில் இருந்த அவன் அக்கா பாண்டிசெல்வி சிரித்தாள். "குளுருதோ மகாராணிக்கு? முந்தானைய இழுத்துப் போத்திக்கோ. எங்கப்பா தலைய மட்டும் கீழ விட்டுராத."

மாரீஸ்வரி முந்தானையை இழுத்து மாமனாரின் தோளில் போர்த்தினாள்.

சென்னை ஆஸ்பத்திரியில் கைவிரித்ததும் அதிகாலையில் கிளம்பிய பயணம் இது. மருந்து மாத்திரைகளை வாங்கிக்கொண்டு அவள் வாசலுக்கு வருவதற்குள் அக்காவும் தம்பியுமாக மாமனார் இருளப்பசாமியைப் பின்சீட்டில் கிடத்தி, மாஸ்க் மாட்டி, கழுத்துவரை போர்த்திவிட்டிருந்தார்கள். புது எலெக்ட்ரிக் கார். ஊர் ஊராக சார்ஜருக்கு நின்று நின்று பகல் கழிந்தது. வெளியில் செத்த உடம்பை அவர்கள் தெருவில் வீட்டுக்குள் எடுப்பதில்லை; வாசலிலேயே பந்தல் போட்டுக் கிடத்தி, அப்படியே தூக்கிவிடுவார்கள். தான் கட்டிய வீட்டுக்குள் கிடக்கக் கொடுத்து வைக்காத மனுசன் என்று காலத்துக்கும் பேச்சு நிற்கும். கிளம்பும்போதே சிவபாண்டி சொல்லிவிட்டான்.

"அப்பா உசுரோட படி ஏறணும். வழியில போச்சுன்னு வையி, நீ உங்கம்மா வீட்டுக்குப் போயிரு. பிள்ள எங்ககிட்ட இருக்கும்."

ஊரில் விட்டுவந்திருந்த ஐந்து வயது மகள் அம்மாவின் தாலிக்கயிற்றைப் பிடித்துக்கொண்டுதான் தூங்கும். அது அவனுக்குத் தெரியும். தெரிந்துதான் சொன்னான்.

காலேஜ் பஸ் ஒன்று வெளிச்சத்தை வாரி இறைத்துவிட்டுக் கடந்துபோனது. அதன் இரைச்சல் தேய்ந்ததும் காருக்குள் மறுபடியும் அந்த அமைதி வந்து உட்கார்ந்தது. இன்ஜின் உறுமல் இல்லாத வண்டியில் டயர் தார்ச்சாலையை நக்கும் சத்தமும், ஏசித் துவாரங்களின் சீறலும், பாண்டிசெல்வி மடியில் பிரித்து வைத்திருந்த பால்கோவாவின் சுண்டிய பால் வாசமும், அதற்கு அடியில் ஆஸ்பத்திரி டெட்டாலோடு கலந்த, பூத்தொட்டியைப் புரட்டிப் போட்டது போன்ற ஏதோ ஓர் ஈரவாடையும் மட்டுமே இருந்தன. வலப்பக்கம் மலை கறுத்துக்கொண்டே கூட வந்தது.

அப்போதுதான் கவனித்தாள். மாமனாரின் மூச்சு கேட்டது.

கேட்டால் சந்தோஷப்பட வேண்டியதுதான். பட்டாள். மாஸ்க்கைச் சற்றே தூக்கி மணிக்கட்டை மூக்கருகே வைத்தாள். மூச்சு பட்டது. ஐஸ்பெட்டியைத் திறந்த மாதிரி சில்லென்று பட்டது.

ஏசிக் குளிர் என்று நினைத்துக்கொண்டாள். விறைத்த கையும் புதிதில்லை. வாதம் வந்து மூன்று வருடமாக அப்படித்தான். தேய்த்துவிட்டாள். கை மடங்கவில்லை. ஆனால் மூச்சு மட்டும் பலத்தது. மெஷின் ஓடும்போது திணறித் திணறி வந்தது, நின்ற பிறகு ஆற அமர, ஆழமாக, தூங்கி எழுந்தவன் சோம்பல் முறிக்கிற மாதிரி வந்தது.

"ஏட்டி."

குனிந்தாள். உதடு அசைந்ததா என்று இருட்டில் தெரியவில்லை.

"வீடு வந்துருச்சா?"

திருச்சியில் கேட்ட அதே கேள்வி. மதுரையிலும் கேட்டார். அப்போதெல்லாம் அக்காவும் தம்பியும் இறங்கி டீ குடித்துக்கொண்டிருந்தார்கள்.

"மாமா வீடு வந்துருச்சான்னு கேக்காக," என்றாள்.

பால்கோவாவோடு வாய்க்குப் போன பாண்டிசெல்வியின் கை நடுவழியில் நின்றது. அக்கா தம்பியைப் பார்த்தாள். தம்பி சாலையைப் பார்த்தான். பிறகு பாண்டிசெல்வி மெல்லச் சிரித்தாள்.

"கேக்காகளா? நல்லது. ஊர்ல யாரு கேட்டாலும் இதயே சொல்லு, என்ன?"

திரும்பி அப்பாவை ஒரு தரம்கூடப் பார்க்கவில்லை. காலையிலிருந்தே பார்க்கவில்லை என்பது மாரீஸ்வரிக்கு அப்போதுதான் உறைத்தது.

ஸ்ரீவில்லிபுத்தூர் கோபுரத்து விளக்குகள் கண்ணாடியில் வழுக்கிக்கொண்டு பின்னால் போயின. அந்த வெளிச்சத்தில் பார்த்தாள். போர்வை மார்பின் மேல் அசையாமல் கிடந்தது. ஏறவில்லை. இறங்கவில்லை.

மூச்சு மட்டும் கேட்டது.

அவள் மூச்சை அடக்கினாள். அதுவும் நின்றது. அவள் விட்டாள். அதுவும் விட்டது. அவசரமாக இரண்டு தரம் இழுத்தாள். அவசரமாக இரண்டு தரம்.

கத்த வாய் திறந்தாள். மகள் முகம் வந்தது. மூடிக்கொண்டாள்.

ராஜபாளையம். தெருமுனை. வீடு. சார்ஜ் இல்லை என்று திரையில் சிவப்பாக எரிந்துகொண்டிருக்கும்போதே வாசலில் கூட்டம் சேர்ந்தது. நாற்காலியில் உட்கார வைத்துத் தூக்கினார்கள். "அப்பா, வீடு வந்துருச்சுப்பா, கண்ணத் தெறந்து பாருப்பா!" என்று பாண்டிசெல்வி தெருவுக்கே கேட்கக் கத்தினாள். நாற்காலி படி ஏறியது. கதவைச் சாத்தினார்கள். சற்று நேரத்தில் உள்ளிருந்து ஒப்பாரி வெடித்தது.

இரவெல்லாம் வந்தவர்களுக்கு மாரீஸ்வரி அதையே சொன்னாள். "வழியெல்லாம் பேசிட்டு வந்தாக. வீடு வந்துருச்சான்னு கேட்டாக." பொய்யில்லை. எதிர்வீட்டுச் சந்தனம் மூக்கைச் சிந்தினாள். "கொடுத்து வச்ச மனுசன்! மகராசன் வீட்டுல வந்து உசுர விட்டுருக்காரு." மகள் ஓடிவந்து அவள் தாலிக்கயிற்றைப் பிடித்துக்கொண்டது. அது போதும் என்றிருந்தது அவளுக்கு.

மறுநாள் உச்சிவெயிலில் பாடை தயாரானது. குளிப்பாட்டிக் கிடத்தியிருந்தவருக்குத் தாடைக்கட்டை நெகிழ்த்தி, வாய்க்கரிசிக்குப் பெண்களைக் கூப்பிட்டார்கள். மகள் பாண்டிசெல்வி போட்டாள். அடுத்து மருமகள். சுளகிலிருந்து பச்சரிசியை அள்ளிக் குனிந்தாள்.

அரிசி உள்ளே விழுந்தது.

நறுக்.

பறைச்சத்தத்தில் யாருக்கும் கேட்கவில்லை. அவள் விரலுக்குத் தெரிந்தது. தாடை மெல்ல ஏறி இறங்கியது. நறுக். நறுக். தொண்டை அசைந்தது. விழுங்கியது.

"மதினி." குரல் காற்றாக வந்தது. "உசுரு இருக்கு. மெல்லுதாக. எரிச்சுராதீக."

பாண்டிசெல்வி பாய்ந்து வந்து அவளைக் கட்டிக்கொண்டாள். பார்த்தவர்களுக்கு நாத்தனார் தேற்றுகிறாள். காதோரம் வாய் வந்தது.

"போதும்டி நடிப்பு. மெட்ராஸ்ல கார்ல ஏத்தும்போதே எங்கப்பா உசுரு போயிருச்சு. தெரிஞ்சா அம்புட்டு நேரம் மடியில வச்சிருப்பியா நீயி? ஊருக்குச் சாட்சி சொல்ல ஒரு ஆளு வேணும்ல, அதுக்குத்தான் உன்னய உக்கார வச்சோம். இப்ப வாயத் தெறந்த, பிள்ளய மறந்துரு."

கையை விட்டாள். தலையில் அடித்துக்கொண்டு அழப்போனாள்.

மாரீஸ்வரி பாடையைப் பார்த்தாள். இருளப்பசாமி விழுங்கி முடித்திருந்தார். மூடிய கண்கள் மூடியபடியே இருக்க, அடுத்த பிடிக்காக வாய் மெல்லத் திறந்தது.