ஒரு சாண் குறைவு

மாலை 5.40. மூன்றாவது முறையும் சிவப்புக் கொடி உயர்ந்தது.

உள்ளரங்கமே ஆரவாரத்தில் அதிர, தங்கைக்கு மட்டும் காது அடைத்துவிட்டது. நீளம் தாண்டுதலில் பதக்கம் வாங்குவாள் என்று நம்பப்பட்டவள் மூன்று தாண்டலிலும் காலூன்றும் பலகையைத் தாண்டி மிதித்து, வெறுங்கையோடு வெளியே வந்தாள். அதே போட்டியில் தாண்டிய அவளுடைய அக்கா அடுத்த சுற்றுக்குப் போனாள். அடுத்த பெரிய போட்டிக்கு அணியில் ஒரே ஓர் இடம். இங்கே முந்துகிறவளுக்குத்தான் அது.

மாலை 6.30. போட்டி முடிந்தது. அணி மேலாளர் ஓய்வுபெற்ற பெண் போலீஸ் இன்ஸ்பெக்டர். பதவி போனாலும் சந்தேகம் போகவில்லை. நடுவரை வைத்து ஓடுபாதையை அளக்கச் சொன்னார். தங்கை ஓட்டத்தைத் தொடங்கும் இடத்தில் ஒட்டியிருந்த மஞ்சள் டேப், அவளுடைய வழக்கமான அளவைவிட ஒரு சாண் பலகைப் பக்கம் நெருங்கி இருந்தது.

"யாரோ நகர்த்திட்டாங்க," என்று அக்கா பதறினாள். "கூடப் போட்டி போட்ட வெளிநாட்டுக்காரி ஒருத்தி அங்கதான் குனிஞ்சு லேஸ் கட்டினா. நானே பார்த்தேன்!"

மேலாளர் மண்டியிட்டு டேப்பை நகத்தால் உரித்தார்.

"உரிச்சு மறுபடி ஒட்டின டேப்புல தூசி இருக்கும். இதுல ஒரு துரும்புகூட இல்ல. இதை யாரும் தொடல." தங்கையிடம் திரும்பினார். "எப்படி அளந்தே?"

"எப்பவும் போலத்தான் மேடம். பலகைல ஒருத்தர் அளவு டேப்போட நுனியைப் பிடிப்பாங்க. மறுமுனையை நான் இழுத்துட்டுப் போய் எண்ணைப் பார்த்துக் குறி வைப்பேன்."

"நுனியைப் பிடிச்சது யாரு?"

தங்கை அக்காவைத் திரும்பிப் பார்த்தாள்.

"கை நழுவியிருக்கும்," என்றாள் அக்கா.

"இருக்கலாம்மா. ஓடுறவ பலகையைப் பார்க்க மாட்டா. அதனால பயிற்சி ஓட்டத்துல கால் எங்க விழுதுன்னு பார்க்க பலகைகிட்ட யார் நின்னா?"

"அக்காதான்," தங்கையின் குரல் உடைந்தது. "கால் சரியா விழுதுன்னு சொன்னா. முதல் சிவப்புக் கொடி உயர்ந்ததும் குறியைப் பின்னால வைக்கப் போனேன். 'பதட்டத்துல காலை நீட்டுறே, குறியைத் தொடாதே'ன்னு தடுத்தா."

"நழுவினது கைன்னே வச்சுக்குவோம்," என்றார் மேலாளர் அக்காவிடம். "கண்ணும் வாயும் கூடவா நழுவும்? அளவு டேப்போட நுனியைப் பலகைல வைக்காம, ஒரு சாண் உள்ள தள்ளிப் பிடிச்சிருக்கே. எல்லாரும் குறி வச்ச முனையையே பார்த்தாங்க. பிடிச்ச முனையை யாரும் பார்க்கல."

அக்கா கீழே பார்த்தாள். "எனக்கு இதுதான் கடைசி வாய்ப்பு. உனக்கு வயசு இருக்கு. கேட்டிருந்தா விட்டுக் கொடுத்திருப்பியா?"

தங்கைக்கு அழுகை முட்டியது. ஒரே தட்டில் சாப்பிட்டு, ஒரே போர்வையில் தூங்கி வளர்ந்தவள் இப்படிச் செய்வாள் என்று கனவிலும் நினைக்கவில்லை.

"மாட்டேன்னுதான் சொல்லிருப்பேன். ஆனா அப்பவும் உன்னை அக்கான்னு கூப்பிட்டிருப்பேன்."

மேலாளர் பக்கம் திரும்பினாள்.

"புகார் எழுதுங்க மேடம். நான் கையெழுத்துப் போடுறேன்."