பக்கத்துப் படகின் வாசலில்

ஹீட்டரின் உறுமல் சட்டென்று அடங்கியபோது சிக்னே உருளைக்கிழங்குக்குத் தோல் சீவிக்கொண்டிருந்தாள். நவம்பர் மாதம், மாலை நான்கு மணி. படகின் வட்ட ஜன்னலுக்கு வெளியே வெளிச்சம் ஏறக்குறையப் போய்விட்டிருந்தது. கத்தியைக் கீழே வைக்காமல் அவள் காது கொடுத்தாள். அதுவரை ஹீட்டர் மறைத்து வைத்திருந்த சத்தங்கள் ஒவ்வொன்றாக மேலே வந்தன. பலகைகளுக்கு அடியில் தண்ணீர் நக்கும் சத்தம், கயிறு இறுகித் தளரும்போது வரும் முனகல், எங்கோ தொலைவில் தீவுக்குப் போகும் ஃபெரியின் மெல்லிய அதிர்வு.

டார்ச்சை எடுத்துக்கொண்டு ஏணியில் ஏறி வெளியே வந்தாள். மிதக்கும் பலகை மேடை ஈரமும் பாசியுமாக நாறியது. இரண்டு பேர் எதிரெதிரே வந்தால் ஒருவர் ஒதுங்கி நிற்க வேண்டிய அகலம்தான். மேடைக்கு இந்தப் பக்கம் அவளுடைய பழைய மரப்படகு. அந்தப் பக்கம் பெரிய வெள்ளை மோட்டார் படகு. இரண்டுக்கும் சேர்த்து ஒரே கரண்ட் பெட்டி. அதில் இருந்த இரண்டு துளைகளில் ஒன்று ஜூன் மாதமே கெட்டுப்போய்விட்டது. மிச்சமிருந்த ஒன்றிலிருந்து அவளுடைய பிளக் பிடுங்கப்பட்டுக் கீழே கிடந்தது.

கோடை முழுக்க இதே கதைதான். ஆனால் வெள்ளைப் படகுக்காரர்கள் போய் ஐந்து வாரம் ஆகிறது. படகின் மேல் நீலத் தார்ப்பாய் இழுத்துக் கட்டியிருந்தது. எங்கும் விளக்கு இல்லை. பிடுங்கிய துளையிலும் வேறு எதுவும் செருகியிருக்கவில்லை.

பிளக்கைக் கையில் எடுத்தாள். மூன்று நாளாக மழை இல்லை. ஆனாலும் அதைச் சாய்த்ததும் ஒரு கரண்டி அளவு தண்ணீர் அவள் விரல்களில் வழிந்தது. உப்பு நாற்றம். ஸ்வெட்டரில் அழுந்தத் துடைத்துத் திரும்பச் செருகினாள். உள்ளே ஹீட்டர் உறுமத் தொடங்கியது.

வெள்ளைப் படகு ரிகார்டுக்கும் அவன் மனைவி பெர்னிலாவுக்கும் சொந்தம். நாற்பது வயதுக்காரர்கள், நகரத்திலிருந்து வருபவர்கள். சனிக்கிழமை தோறும் வந்து இறங்குவார்கள். சைக்கிள், தண்ணீர்க் குழாய், கரியடுப்பு, நனைந்த செருப்புகள் எல்லாம் பொது மேடையில் பரந்து கிடக்கும். கயிற்றை இறுக்கிக் கட்ட மாட்டார்கள். காற்று கொஞ்சம் அடித்தாலும் அவர்கள் படகின் விலா வந்து மரப்படகை இடிக்கும். ஐஸ் பெட்டிக்குக் கரண்ட் வேண்டுமென்றால் சிக்னேயின் பிளக்கைப் பிடுங்கிவிட்டுத் தங்களுடையதைச் செருகுவார்கள். கேட்டால் ரிகார்ட் நெற்றியில் அடித்துக்கொண்டு சிரிப்பான். "அய்யோ, அது உங்களோடதா? சும்மா கெடக்குதுன்னு நெனச்சேன்." அடுத்த சனிக்கிழமையும் அதையே சொல்வான். துறையைப் பார்த்துக்கொள்ளும் கிழவர் எவெர்ட் ஒரு அறிவிப்பு எழுதி ஒட்டினார். பெர்னிலா அதன் மேல் துண்டு காயப்போட்டாள்.

"விடுக்கா, வாரத்துல ரெண்டு நாள்தானே," என்பான் தூரே.

தூரே அவளுடைய தம்பி. இருபத்தெட்டு வருடம் ஃபெரியில் கயிறு வீசிப் பிடித்தவன். பெரிய உடம்பு, எலிக்குஞ்சு போன்ற சுபாவம். மூடிய கதவு எதுவானாலும் அதன் முன் தட்டுவதற்குக் கையை ஓங்கியபடியே வெகுநேரம் நின்றுவிட்டு, தட்டாமலே திரும்பி வருவான். பள்ளிக்கூடச் சமையலறை வேலையை விட்டு அவள் வந்தபின், பதினோரு வருடமாக இருவரும் இந்தப் படகில்தான் குடியிருந்தார்கள். செப்டம்பர் கடைசிச் சனிக்கிழமை அவன் இறந்துபோனான். கால் வழுக்கித் தண்ணீரில் விழுந்துவிட்டான் என்று போலீஸார் எழுதிக்கொண்டு போனார்கள். அன்று நடந்ததை சிக்னே யாரிடமும் முழுதாகச் சொல்லவில்லை.

மறுநாளும் நான்கு மணிக்கு ஹீட்டர் நின்றது. அதற்கு மறுநாள் அவள் பிளக்கைப் பெட்டியோடு சேர்த்து மெல்லிய கயிற்றால் ஏழெட்டுச் சுற்றுச் சுற்றி, ஈரத்தில் இறுகிப்போகும்படி முடிச்சுப் போட்டு வைத்தாள். நான்கு மணிக்கு வந்து பார்த்தபோது பிளக் கீழே கிடந்தது. கயிறு அறுபட்டிருக்கவில்லை. முடிச்சை அவிழ்த்து, உள்ளங்கை அகலத்துக்கு வட்டமாகச் சுருட்டி, நுனியை நடுவில் செருகி, பெட்டியின் மேல் ஒழுங்காக வைத்திருந்தார்கள்.

அதை அவள் தொடவில்லை.

எவெர்ட் வந்து பார்த்தார். துறையின் கேட் சாவி இப்போது அவளிடமும் தன்னிடமும்தான் இருக்கிறது, வேறு யாரும் உள்ளே வந்திருக்க முடியாது என்றார். சுருட்டிய கயிற்றைப் பார்த்ததும் பேச்சை நிறுத்திவிட்டார். ஃபெரியில் அவரும் தூரேயோடு வேலை பார்த்தவர்; அவன் கயிறு சுருட்டும் விதம் தெரிந்தவர். போகும்போது அவள் முகத்தைப் பார்க்காமல், "என் வீட்டு மாடி ரூம் சும்மாதான் இருக்கு சிக்னே. குளிர்காலம் போற வரைக்கும் வந்து இருந்துக்கோ," என்றார்.

அன்று இரவுச் சாப்பாட்டுக்கு முன் ரிகார்டுக்குப் போன் செய்தாள். அவன்தான் யாரையோ அனுப்புகிறான் என்று நம்ப அவள் விரும்பினாள். அப்படி இருந்தால் கோபப்படலாம். கோபம் அவளுக்குப் பழக்கமான இடம்.

தாங்கள் யாரும் அந்தப் பக்கமே வரவில்லை என்றான் ரிகார்ட். கொஞ்சம் தயங்கிவிட்டு, "நானே உங்களக் கூப்பிடணும்னு இருந்தேன்," என்றான். "தப்பா எடுத்துக்காதீங்க. எங்க கதவுக்கு மேல கேமரா வெச்சிருக்கோம். தினமும் நாலு மணிக்கு வந்து கதவு முன்னாடி நிக்கிறீங்க. ரெண்டு மணி நேரம், மூணு மணி நேரம். தட்டவும் மாட்டேங்கறீங்க. உங்க மனசு எங்களுக்குப் புரியுது. ஆனா பெர்னிலா பயப்படறா."

"நான் உங்க படகுல கால் வெச்சதே இல்ல," என்றாள் சிக்னே.

"பச்சை மழைக்கோட்டு. நல்லாத் தெரியுது."

அவள் போனை அணைத்தாள். அந்தக் கோட்டின் மூன்றாவது பொத்தானை அவள்தான் நீல நூலால் தைத்திருந்தாள். எப்போதும் குளிருகிறது என்பவன் ஆயிற்றே என்று, சவப்பெட்டியில் தம்பிக்கு அதைப் போட்டுவிட்டவளும் அவள்தான். அதோடுதான் எரித்தார்கள்.

மறுநாள் மூன்றரை மணிக்கே மேடைக்கு வந்து, கவிழ்த்து வைத்த வாளியின் மேல் உட்கார்ந்தாள். கடல்மேல் பனிமூட்டம் இறங்கிக்கொண்டிருந்தது. முதலில் எதிர்க்கரைப் பாறைகள் மறைந்தன. பிறகு துறைமுக வாயிலின் சிவப்பு விளக்கு. பிறகு வெள்ளைப் படகின் முன்பக்கம். ஈர மரமும் டீசலும் அழுகிய கடற்பாசியும் கலந்த வாடையில் வேறொரு வாடையும் சேர்ந்துகொண்டது. கற்பூரத் தைலம். தூரேயின் நெஞ்சில் அந்தக் கடைசி வாரம் அவள் தினமும் தேய்த்துவிட்ட தைலம்.

முதுகுக்குப் பின்னால் பிளக் விழும் சத்தம்.

அவள் திரும்பிப் பார்க்கவில்லை. பார்க்க வேண்டியது எதிரில் இருந்தது. வெள்ளைப் படகின் பின்தட்டில், கதவைப் பார்த்தபடி, தலையைக் கவிழ்த்துக்கொண்டு ஒருவன் நின்றான். பச்சைக் கோட்டு. அதன் கீழே பைஜாமா கால்கள். வலது கை தட்டுவதற்கு ஓங்கியபடி. தட்டாமல்.

செப்டம்பரின் அந்தக் கடைசிச் சனிக்கிழமை அவனுக்குக் காய்ச்சல். ஹீட்டர் மூன்றாம் தடவையாக நின்றது. மணி எட்டு இருக்கும். பக்கத்துப் படகில் பாட்டும் சிரிப்பும். ரிகார்ட் மாலையில் படகைச் சோப்புப் போட்டுக் கழுவிவிட்டு, குழாயைச் சுருட்டாமல் மேடையின் குறுக்கே போட்டிருந்தான். நானே போகிறேன் என்று எழுந்த சிக்னே திடீரென்று தம்பியின் பக்கம் திரும்பினாள். எல்லாச் சனிக்கிழமைகளின் கோபமும் அவன்மேல் இறங்கியது. "எல்லாத்துக்கும் நானே சண்டை போடணுமா? இன்னிக்கு நீ போய் அவன நேருக்கு நேரா கேளு. கேக்காம இந்தப் படகுல கால வைக்காத." அவன் பைஜாமாவின் மேல் கோட்டை மாட்டிக்கொண்டு போனான்.

பத்து நிமிடம் கழித்துப் படகின் விலாவில் ஏதோ இடித்தது. டொக். டொக். அவர்கள் படகுதான், கயிற்றை இன்றைக்கும் இறுக்கவில்லை என்று நினைத்தாள். நிற்கவில்லை. டொக். டொக். குழம்புக் கரண்டியை எடுத்து அவளும் உள்ளிருந்து பலகையை ஓங்கி அடித்தாள். "கொஞ்சமாவது அறிவு இருக்கா," என்று கத்தினாள்.

இடிப்பது நின்றுவிட்டது. அவளுக்கு அப்போது திருப்தியாக இருந்தது.

வாளியிலிருந்து எழுந்து, ஐந்து வாரத்துக்கு முன் தாண்டியிருக்க வேண்டிய அந்த நாலடி மேடையைத் தாண்டி, சிக்னே வெள்ளைப் படகில் ஏறினாள். அவன் முதுகுக்கு ஒரு கை தூரத்தில் நின்றாள். கோட்டின் விளிம்பிலிருந்து தண்ணீர் ஒரே சீராகச் சொட்டியது.

"தூரே," என்றாள். "போதும்டா. வா, நம்ம படகுக்குப் போலாம்."

அவன் தலை அசையவில்லை. "இன்னும் கேக்கலக்கா," என்றான். வாயில் தண்ணீர் வைத்துக்கொண்டு பேசுகிறவனின் குரல்.

அவள் அழுதாள். உள்ளே யாரும் இல்லை, அவர்கள் எப்போதோ போய்விட்டார்கள் என்றாள். தான் சொன்னது தப்பு என்றாள். தண்ணீரிலிருந்து அவன் தட்டிய சத்தம் கேட்டும் வெளியே வராமல் இருந்ததைச் சொன்னாள். கரண்டியைச் சொன்னாள். அவன் கையை இறக்கவில்லை. கடைசியில் அவள் போனை எடுத்து ரிகார்டைக் கூப்பிட்டாள். அவன் எடுத்ததும், என் தம்பி உங்களிடம் ஒன்று கேட்க வேண்டும், ஒரு நிமிடம் காது கொடுங்கள் என்றாள். அந்தப் பக்கம் தட்டுகள் வைக்கும் ஓசை. போனைத் தூரேயின் முகத்துப் பக்கம் நீட்டினாள்.

தூரே கேட்டான். மெதுவாக, மரியாதையாக, பல நாள் மனதுக்குள் சொல்லிப் பார்த்த வார்த்தைகளாக. "தொந்தரவுக்கு மன்னிச்சுக்கோங்க. அந்த பிளக்க மட்டும் பிடுங்காம இருக்கீங்களா? அக்காவுக்குக் குளிரு தாங்காது."

குளிர் தாங்காதவன் அவன்தான் என்று அவள் இத்தனை நாள் நினைத்திருந்தாள்.

"ஹலோ?" என்றான் ரிகார்ட். "ஒண்ணும் கேக்கல. தண்ணி சத்தம்தான் வருது. நாங்க சாப்பிடறோம், நாளைக்குப் பேசலாமா?" போன் அணைந்தது.

"கேட்டுட்ட," என்றாள் சிக்னே. "கேட்டுட்டடா. இப்ப வா."

ஓங்கியிருந்த கை இறங்கியது. அவன் திரும்பினான்.

அன்று, விழுந்த மறுநாள் காலையிலேயே அவனைத் தண்ணீரிலிருந்து எடுத்துவிட்டிருந்தார்கள். அந்த முகத்தை அவள் பார்த்திருக்கிறாள், முத்தமிட்டிருக்கிறாள். இது அந்த முகம் இல்லை. ஐந்து வாரம் தண்ணீரில் கிடந்த முகம்.

ஆனாலும் அவள் கையை நீட்டினாள்.

அவன் அவளுக்கு முன்னால் போனான். மேடை. படகு. ஏணி. ஒவ்வொரு படியிலும் ஈரம். உள்ளே போய்த் தன் படுக்கையில், எப்போதும் போல் சுவரைப் பார்த்து ஒருக்களித்துப் படுத்தான். பலகை கிறீச்சிட்டது. ஹீட்டர் இல்லை. விளக்கு இல்லை. வட்ட ஜன்னலில் சாம்பல் நிறப் பனி.

"குளிருதுக்கா."

இருந்த போர்வைகளை எல்லாம் எடுத்து அவன் மேல் போட்டாள். பக்கத்தில் உட்கார்ந்தாள். அவன் கை போர்வைக்கடியிலிருந்து வந்து அவள் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டது. மென்மையாகத்தான். சின்ன வயதில் இருட்டில் பிடிப்பது போல.

போர்வை நனைந்தது. படுக்கை நனைந்தது. தரையில் தண்ணீர் ஓடுவது கேட்டது. அவள் பாதம் நனைந்தது. பிறகு கணுக்கால். எங்கிருந்து வருகிறது என்று அவள் தேடவில்லை. ஒரு முறை கையை இழுத்துப் பார்த்தாள். வரவில்லை. இரண்டாம் முறை இழுக்கவில்லை.

ஜன்னலின் பாதிவரை கரும்பச்சைத் தண்ணீர் ஏறி நின்றது. பிறகு முழுவதும்.

சிக்னே இன்னொரு கையால் போர்வையை இழுத்து அவன் கழுத்துவரை மூடினாள். மூடிய இடத்திலிருந்து தண்ணீர் வந்துகொண்டே இருந்தது.